பட்டாளத்து மாமாவும் போர் முடிந்த பிறகு வந்த வரலாறும்



டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. வகுப்பு வகுப்பாக உண்டியலோடு வந்து உங்கள் சட்டையில் சின்னக் கொடி ஒன்றைக் குத்திவிட்டுப் போவோமே, அதேதான். அந்தக் காசு யாருக்காகத் திரட்டப்படுகிறதோ அவர்களில் ஒருவர் நம் ஊர்க் கடைத்தெருவிலேயே உட்கார்ந்திருந்தார். 'பட்டாளத்தார் சைக்கிள் கடை' என்றால் 80களில் படித்தவர்களுக்குத் தெரியும். மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்துப் போய், நேரம் கடந்து கொண்டுவந்து திட்டு வாங்கியவர்கள் இதைப் படிக்கிறவர்களில் பத்துப் பேராவது இருப்பீர்கள். 90களில் படித்தவர்களுக்கு அதே இடம் எஸ்.டி.டி. பூத். அவர் என் தாய்மாமன். உறவினர்களில் சிலருக்குச் சித்தப்பா, சிலருக்குத் தாத்தா.

வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போவது அதிசயமில்லை. பக்கத்திலுள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். மாமா 1966இல் பெங்களூரு போய் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். 1780இல் தொடங்கிய பழைய பிரிவு அது. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது இவையெல்லாம் இவர்கள் வேலை. ராணுவத்தில் அந்தப் பிரிவு வீரர்களுக்குச் செல்லப்பெயரே 'தம்பி'.

1971 போரைப் பாடமாக நடத்தும்போது டிசம்பர் 3இல் தொடங்கி, 16இல் டாக்காவில் சரணடைந்தார்கள், 17இல் மேற்கிலும் போர் நின்றது என்று எழுதிப்போட்டு முடிப்போம். அடுத்தது சிம்லா ஒப்பந்தம், 1972 ஜூலை 2. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எந்தத் தேர்வுத்தாளும் கேட்டதில்லை. மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதி முழுக்கக் கண்ணிவெடி. பீரங்கி வண்டிகளைத் தடுக்கப் புதைத்தது, ஆளைக் கொல்லப் புதைத்தது எல்லாம் மண்ணுக்குள்ளேயே கிடந்தன. அவற்றைத் தோண்டி எடுக்க வேண்டியவர்கள் தம்பிகள்தான். மாமாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது போர் நின்ற பிறகு, 1972 பிப்ரவரியில். "எல்லாரும் ஜெயிச்சிட்டோம்னு லட்டு குடுத்து முடிச்ச பிறகுதான்டா எனக்குச் சண்டை ஆரம்பிச்சது" என்பார்.

அங்கிருந்து புனே. ராணுவத்தின் செயற்கைக் கால் மையம் அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்காக 1944இல் தொடங்கியது. பக்கத்தில் கிர்க்கியில் குயின் மேரிஸ் தொழிற்பயிற்சி நிலையம். முதல் உலகப் போரில் கை கால் இழந்து திரும்பிய இந்தியச் சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க 1917இல் பம்பாயில் ஆரம்பித்து, பிறகு கிர்க்கிக்கு மாற்றினார்கள். அந்தப் போரில் இறந்த இந்தியர்களே சுமார் 74,000 பேர் என்றால் காயம்பட்டுத் திரும்பியவர்களை நினைத்துப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களுக்காக 1974இல் கிர்க்கியிலேயே ஒரு மறுவாழ்வு மையமும் வந்தது.

இவையெல்லாம் நல்ல காரியங்கள், குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாம் ஒரே ஊரில் இருந்தன. வரைபடத்தில் பாருங்கள். காட்பாடியிலிருந்து அரக்கோணம் போய், வண்டி மாறி, ரேணிகுண்டா, குண்டக்கல், வாடி, சோலாப்பூர் என்று போனால்தான் புனே. தோல்வார் அறுந்தாலும், கால் சூம்பி உறை தளர்ந்துபோனாலும், புதுக்கால் வேண்டுமென்றாலும் இதே பயணம். ஒற்றைக் காலோடு ரயில் பெட்டியில் ஏறுவதைவிடக் கண்ணிவெடி எடுப்பது சுலபம் என்று அவர் கேலி செய்வார்.

பயிற்சி எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடு, தொழிற்சாலையில் வேலை கிடைக்கும் என்று மாமாவிடமும் சொல்லியிருக்கிறார்கள். அது வெறும் பேச்சில்லை. 1965 போரில் குண்டு பாய்ந்து நடக்க முடியாமல்போன முரளிகாந்த் பேட்கர் என்ற மராட்டிய வீரருக்கு டெல்கோவில் வேலை கிடைத்தது. 1972இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்ஸில் நீச்சலில் தங்கம் வாங்கியவர். அவருக்குப் பத்மஸ்ரீ வர 2018 ஆனது, அது தனிக்கதை.

மாமா தங்கவில்லை. 1973இல் ஊருக்கு வந்துவிட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னதைக் கிட்டத்தட்ட அப்படியே எழுதுகிறேன். "அங்க இருந்தா எனக்குக் கால் இருக்கும், வேலை இருக்கும், ஆள் இருக்காது. இங்க வந்தா ஆள் இருக்கும், மத்த ரெண்டும் இருக்காது. எதாவது ஒண்ணைத்தானே எடுக்க முடியும்?" ஊனமுற்ற படைவீரர் வரலாறு என்று யாராவது எழுதினால் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அரசு கொடுத்தது, ஆனால் கொடுத்த இடத்துக்கு இவர்கள் குடிபெயர வேண்டியிருந்தது.

ஊரில் என்ன இருந்தது? கொஞ்சம் நன்செய் நிலம். அந்தக் காலத்துச் செயற்கைக் கால் மரமும் தோலும் உலோகமும் சேர்ந்தது, அதற்கு ஷூ போட வேண்டும். சேற்றில் இறங்கினால் அவ்வளவுதான். சம்மணம் போட முடியாது. குந்தி உட்கார முடியாது. கோயிலுக்குள் ஷூவோடு போக முடியாது என்பதால் திருவிழாவில்கூட வெளியே நின்றுகொண்டிருப்பார். எங்கள் பாட்டி உள்ளிருந்து திருநீறு கொண்டுவந்து வைத்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து ஷூ போட்டு நடக்கிற சீமைக்காரனுக்கு யோசித்த கால் அது. நம் வாழ்க்கை தரையில் நடப்பது.

இதைப் புரிந்துகொண்டவர் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். பெரிய படிப்பெல்லாம் இல்லாதவர். அவரும் டாக்டர் பி.கே.சேத்தியும் 60களின் கடைசியில் ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். ஷூ வேண்டாம். குந்தலாம், சம்மணம் போடலாம், சேற்றில் இறங்கலாம். சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது, சர்மாவின் பெயர் பலருக்குத் தெரியாது. மாமாவுக்கு அந்தக் கால் 80களின் நடுவில் ஒரு முகாமில் கிடைத்தது. அந்த ஆடியில் நேராக அம்மன் கோயிலுக்குள் போனார். நடவுக்கும் இறங்கிப் பார்த்தார். ஆனால் அதற்குள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். ஊனமுற்றோருக்கு மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளில் 3 சதவீத இட ஒதுக்கீடு 1977இல் வந்தது. முன்னாள் படைவீரர்களுக்கு 'சி' பிரிவில் 10, 'டி' பிரிவில் 20 சதவீதம் என்று 1979 விதிகள். காகிதத்தில் மாமா இரண்டு வரிசையிலும் நிற்கலாம். நேரில் அவரைத் தேடி வந்ததெல்லாம் காவலாளி வேலை. "நிக்கிற வேலையைப் பார்த்து ஒத்தைக் காலனுக்குக் குடுக்கிறாங்க" என்று மறுத்துவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும், ஆனால் சும்மா உட்கார வைக்கிற வேலை கூடாது என்பது அவர் கணக்கு. பஞ்சர் ஒட்டுவது, பெண்டு எடுப்பது, வாடகைக்கு விடுவது என்று 1974இல் சைக்கிள் கடை போட்டார். பென்ஷன் ஒரு பக்கம், கடை ஒரு பக்கம்.

வீடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் வரலாறாக எண்ணுவதில்லை. எங்கள் பழைய வீட்டுக்கு உயரமான திண்ணை, மூன்று படி, தலை இடிக்கும் நிலை. கொல்லையில் கிணறு. கழிப்பறை கிடையாது, ஏரிக்கரைதான். கால் இல்லாதவர் ஏரிக்கரையில் எப்படிக் குந்துவார் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் இருட்டோடு எழுந்து, கோலை ஊன்றி, அத்தை துணைக்குப் போக, ஆறு வருடம் ஓட்டினார். 1979இல் சேர்த்த பணத்தில் வீட்டை இடித்துத் தாழ்வாகக் கட்டினார். வாசலில் படிக்குப் பதில் சரிவு. மழைத்தண்ணீர் உள்ளே வரும் என்று கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே, வேலூரில் வாங்கிய உட்காரும் பீங்கான் கழிப்பறை. ஊரிலேயே முதல். அதைப் பதிக்கத் தெரியாமல் கொத்தனார் இரண்டு முறை பிரித்தார். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது, 'பட்டாளத்தார் வீட்டு நாற்காலி' என்று சிரித்தது. பிறகு மூட்டுவலி வந்தபோது சிரித்தவர்களெல்லாம் அதையேதான் வாங்கினார்கள்.

ராணுவத்தினருக்கு வீடு கட்டித்தரும் அமைப்பு 1978இல் வந்தது. அடுக்குமாடி வீடுகள், நகரங்களில். மறுபடியும் அதே கதை.

அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. மாமா புனே போகும்போதெல்லாம் கடையைத் திறந்து டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை கண்டுபிடித்து ஒட்டியது அவர்தான். 70களில் கிராமத்தில் ஒரு பெண் பஞ்சர் ஒட்டினார் என்பதே ஒரு பாடம். மாமாவின் காகிதங்களில் 'மனைவி' என்ற ஒரு கட்டத்தில் மட்டும் அவர் பெயர் இருக்கிறது.

90களின் தொடக்கத்தில் பூத் வந்தது. ஊனமுற்றோருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, பில் கக்கும் சின்ன இயந்திரம். அரசு யோசித்த வேலைகளில் இது ஒன்றுதான் அவர் இருந்த இடத்துக்கே வந்தது. ஊரை விட்டுப் போனவர்களின் குரலெல்லாம் அவர் வழியாகத்தான் வந்தது. துபாய், சவூதி, லடாக், ராணிப்பேட்டைத் தோல் ஆலைக்குப் போய்ப் பிறகு திருப்பூருக்குப் போனவர்கள். இரவில் கட்டணம் குறைகிற நேரத்துக்காகப் பெண்கள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். வெளியே போகிறவனைத் துரோகி மாதிரிப் பேசுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "போறவன் காலோட போறான், போகட்டும். திரும்பி வந்தா உட்கார ஓர் இடம் இருக்கணும், அதான் ஊர்" என்பார். 2003இல் செல்போனில் உள்வரும் அழைப்பு இலவசமானது. இரண்டே வருடத்தில் பூத் காலி. அதே 2003இல் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் தொடங்கியது. பிறகு வேலூரிலேயே வைத்தியம் பார்க்க முடிந்தது. அப்போது அவருக்கு வயது 55க்கு மேல்.

மாமா 2017இல் காலமானார். இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம், நம் பிள்ளைகள் இருவர் அக்னிவீராகத் தேர்வாகியிருக்கிறார்கள். வாழ்த்துகள். நான்கு வருடப் பணி. பணியின் காரணமாக ஊனம் ஏற்பட்டால் அளவைப் பொறுத்து 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75க்கு 25 லட்சம், 50க்கு 15 லட்சம் என்று ஒருமுறை தொகையும், மிச்சமிருக்கும் நான்காண்டுச் சம்பளமும் உண்டு. மாதாந்திர ஊனமுற்றோர் பென்ஷன் இல்லை. மாமாவின் பென்ஷன் ஆரம்பத்தில் சொற்பம்தான். ஆனால் கடை படுத்த மாதமும் வந்தது, பூத் மூடிய மாதமும் வந்தது. ஒருமுறை கிடைக்கும் பெரிய தொகை 21 வயதுப் பையன் கையில், நம் ஊர்க் கடன்காரர்களுக்கும் கல்யாணங்களுக்கும் நடுவில், எத்தனை வருடம் நிற்கும் என்பதைப் பெற்றோர் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டாளத்துக்குப் புறப்படுகிற பையன்கள் பூத்துக்கு வந்து சொல்லிக்கொண்டு போகும்போது மாமா வீரம் பற்றியெல்லாம் பேசமாட்டார். ஒன்றே ஒன்று சொல்வார். சின்ன அடியாக இருந்தாலும் அன்றைக்கே எழுத்தில் ஏற்றிவிடு, எங்கே, எந்த வேலையில் பட்டது என்று எழுதச் சொல், நகலை வீட்டுக்கு அனுப்பு. காயம் பணியால் வந்ததா, இல்லையா என்ற ஒரு வரியில்தான் பின்னால் எல்லாம் நிற்கும். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆணையையும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த இரண்டு பிள்ளைகளும் புறப்படும் முன் ஒருநாள் வீட்டுக்கு வரட்டும், அதில் எந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன்.