ஆசிரியருக்கு மதிப்பெண் இடும் மாணவர்கள்

மாணவருக்கு ஆசிரியர் மதிப்பெண் இடுவதை அனைவரும் அறிவோம். ஆசிரியருக்கு மாணவர் மதிப்பெண் இடும் வழக்கமும் உண்டு. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் எச். எச். ரெம்மர்ஸ் என்னும் உளவியல் பேராசிரியர் இருந்தார். 1920களில் அவர் ஓர் அளவுகோலை வகுத்தார். பாடத்தில் ஈடுபாடு, மாணவர்பால் பரிவு, மதிப்பெண் இடுவதில் நேர்மை, விளக்கும் திறன் முதலிய 10 பண்புகள் அதில் இருந்தன. ஆசிரியரின் தோற்றங்கூட அவற்றுள் ஒன்று! 1960, 70களில் இம்முறை அமெரிக்கக் கல்லூரிகளில் பரவியது. ஆசிரியரின் பதவி உயர்வும் நிரந்தரப் பணியும் இதனைச் சார்ந்து நிற்கலாயின.

அன்று எல்லாம் தாளில்தான். பருவ இறுதியில் வினாத்தாளை வழங்கியதும் ஆசிரியர் வகுப்பைவிட்டு வெளியேறுவார். மாணவர் ஒருவர் தாள்களைத் திரட்டி, உறையிலிட்டு ஒட்டி, அலுவலகத்தில் சேர்ப்பார். பென்சிலால் நிரப்பிய வட்டங்களை இயந்திரம் படித்துக் கூட்டும்.

1990களின் பிற்பகுதியிலிருந்து இப்பணி மெல்ல இணையத்துக்கு மாறியது. தாள் மிச்சமாயிற்று, முடிவுகள் விரைவில் கிடைத்தன, மாணவர் எழுதும் கருத்துரைகளும் நீண்டன. ஆனால் விடையளிப்போர் தொகை குறைந்தது. வகுப்பில் அமர்ந்திருப்பவர் தாளை நிரப்பிவிடுவார், வீட்டிலிருப்பவரோ மறந்துவிடுவார். எனினும் பல ஆய்வுகளில் சராசரி மதிப்பெண் பெரிதும் மாறவில்லை.

அப்படியானால் கவலை எதற்கு? ஒரு கணக்கைப் பாருங்கள். 12 பேர் கொண்ட வகுப்பில் மூவர் மட்டும் 5, 5, 4 என மதிப்பெண் இடுகின்றனர். சராசரி ஏறக்குறைய 4.7. நான்காமவர் சினத்தில் 1 இட்டால் அது 3.75 ஆகச் சரிகிறது. பன்னிருவரும் விடையளித்திருந்தால் ஒருவரின் சினம் இவ்வளவு கனத்திராது. பல வகுப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் மறையும் பிழை, தனி ஆசிரியர் ஒருவரின் வாழ்வில் மறைவதில்லை.

தாள் முறையிலும் குறை உண்டு. அன்று வகுப்புக்கு வராதவரின் குரல் அதில் ஒலிக்காது. எனவே எந்தக் கருவி என்பதோடு, யார் விடையளித்தனர் என்பதையும் கேட்க வேண்டும். வகுப்பு நேரத்திலேயே கைப்பேசியில் விடையளிக்கச் செய்வது இரு முறைகளையும் இணைக்கும் எளிய வழி.

நம் நாட்டிலும் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு 2017இல் வகுத்த முறையில், மாணவர் மனநிறைவு ஆய்வை இணையவழியில் சேர்த்தது. இத்தகைய படிவம் உங்களிடம் வரும்போது ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் விடையளிக்காமல் விட்டால், பிறர் இடும் மதிப்பெண்ணுக்கு எடை கூடிவிடும்.