வலிப்பு ஆய்வாளர்களைப் போற்றுதல்: வேலூர்க் கண்டுபிடிப்பை முன்வைத்து

மூளைநோய் ஆய்வில் நம் நாடு பெரும்பாலும் துறை நிறுவியவர்களையே போற்றி வந்திருக்கிறது. மான்ட்ரியலில் நரம்பியல் அறுவை வல்லுநர் பென்ஃபீல்டிடம் பயின்று, 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டிக்குப் பத்மபூஷண் கிடைத்தது. சென்னையில் அத்துறையை வளர்த்த பா. ராமமூர்த்திக்கும் கிடைத்தது. இரண்டும் தகுதியான மதிப்புகளே. ஆனால் தவறான சிகிச்சையை நிறுத்திய கண்டுபிடிப்புக்கும் அதே உயரத்தில் இடம் வேண்டும் என்பது என் வாதம்.

1980-களில் சி.டி. ஸ்கேன் பரவியபோது, வலிப்பு வந்த பலரின் மூளையில் சிறு வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி தென்பட்டது. காசநோய் மலிந்த நாடாதலால் அதைக் காசநோய்க் கட்டி என்றே பல மருத்துவர்கள் கருதினர். மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள், புள்ளி மறைந்தது, மருந்து வேலை செய்ததாக முடிவு கட்டினார்கள். வேலூரில் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு அந்தப் புள்ளிகளை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து, பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கூடுகள் என்று 1991-இல் வெளியிட்டது. அவற்றில் பல எந்த மருந்தும் இல்லாமல் தாமாகவே மறைபவை. மறைந்ததை மருந்துக்கான சான்றாகக் கொண்டதுதான் பிழையின் வேர். அறுக்காமலே இனங்காணும் அளவுகோல்களையும் அவர்கள் வகுத்தார்கள்: புள்ளி ஒன்றே ஒன்று, 20 மி.மீ.க்கு மிகாதது, மூளை அழுத்தம் கூடாதது, வேறு நோய் இல்லாதது. பலருக்கு மண்டையோட்டைத் திறக்கும் தேவையே நீங்கியது.

பன்றிக்கறி தொடாதவருக்கும் இந்தப் புழுநோய் வரும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். புழு உள்ளவரின் மலத்திலுள்ள முட்டை கை, நீர், பச்சைக் காய்கறி வழியே அடுத்தவர் வயிற்றுக்குள் போகிறது. 2006-இல் வெளியான வேலூர் மாவட்டக் கள ஆய்வில், தொடர் வலிப்பு உள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்புழுவே காரணம் எனத் தெரிந்தது. அப்படியானால் வலிப்பில் ஒரு பெரும்பங்கு கழிப்பறையாலும் கைகழுவலாலும் தடுக்கத்தக்கது. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் ஊர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி எது?

விருது ஒரு பெயரைத்தான் தேடும் என்பதே இதிலுள்ள சிக்கல். வேலூர்க் கள ஆய்வில் ஒட்டுண்ணியியலாளர், சமூக மருத்துவர், வீடுவீடாகச் சென்று வலிப்பு பற்றிக் கேட்ட களப்பணியாளர் எல்லாரும் உண்டு. ஒருவர் கழுத்தில் மாலை விழும்போது மற்றவர்களின் உழைப்பு கணக்கில் வராமல் போகிறது. ஆகவே பரிசைக் குழுவுக்கே தர வேண்டும். அதன் ஒரு பகுதி வேறொரு மாவட்டத்தின் கணக்கெடுப்புக்கு ஒதுக்கப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, விருதுநகர் மாவட்டத்தின் வன்னியம்பட்டி போன்ற ஊர்களில் அந்தக் கணக்கெடுப்பை நடத்த 2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி முன்வரலாம். கேள்வித்தாளும் அளவுகோலும் வேலூர் முன்பே உருவாக்கித் தந்தவை.