எலும்பில் தொடங்கும் வரலாறு

உடலில் அணியும் மின்னாக்கிகளைப் பற்றிய ஆய்வேடுகளின் முன்னுரைகள் பெரும்பாலும் 2006ஆம் ஆண்டில்தான் தொடங்குகின்றன. அமெரிக்காவில் சோங் லின் வாங் குழுவினர் துத்தநாக ஆக்சைடு நானோகம்பிகளை வளைத்து மின்சாரம் பெற்றுக் காட்டிய ஆண்டு அது. என் ஆய்வேட்டின் முதல் வரைவும் அவ்வாறே தொடங்கியது. பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்த பின்னர், அப்பத்தியை அடித்துவிட்டேன்.

அழுத்தத்தால் மின்னூட்டம் தோன்றும் பண்பை 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற படிகங்களில் கண்டனர். (பின்னாளில் மேரி கியூரி யுரேனியத்தின் கதிர்வீச்சை அளந்ததும் இக்குவார்ட்ஸின் துணையால்தான்.) 1950களில் ஈய சிர்கோனேட் டைட்டனேட் எனும் பீங்கான் வந்தது. ஆற்றல் மிக்கது, ஆனால் வளைத்தால் உடையும், எடையில் பாதிக்கு மேல் ஈயம். தோலோடு ஒட்டி வைக்கத் தகுந்ததன்று.

மென்மைக்கான வழி வேறோரிடத்திலிருந்து திறந்தது. 1957இல் ஜப்பானில் இயற்பியலாளர் எய்ச்சி ஃபுகாடாவும் எலும்பு மருத்துவர் இவாவோ யசுடாவும் உலர்ந்த எலும்பை அழுத்தி, அதில் மின்னூட்டம் தோன்றுவதை அளந்தனர். எலும்பிலுள்ள கொலாஜன் நார்களே காரணம் என்று அவர்கள் கருதினர். படிகக் கல்லுக்கே உரியதென எண்ணப்பட்ட பண்பு நம் உடலுக்குள்ளேயே இருந்தது! ஃபுகாடா பணியாற்றிய கோபயாசி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தில்தான், 1969இல் ஹெய்ஜி கவாய், பாலிவினைலிடீன் ஃபுளூரைடு எனும் நெகிழிப் படலத்தை இழுத்து நீட்டி, சூடான நிலையில் வலிய மின்புலத்தில் வைத்துக் குளிரவிட்டார். மூலக்கூறுகளின் மின்முனைகள் ஒருதிசைப்பட்டன; வளையும் படலம் அழுத்தமின் பொருளாயிற்று.

இன்று எங்கள் ஆய்வகங்களில் மின்புலத்தால் நார் நூற்று, பேரியம் டைட்டனேட் நானோதுகள்களைக் கலப்பதெல்லாம் கவாயின் அந்தச் செயலின் நீட்சியே. துகள் கூடினால் மின்னூட்டம் ஓரளவு கூடும். மிகுந்தால் படலம் மீண்டும் நொறுங்கும் இயல்புக்குத் திரும்பும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விரலால் தட்டிப் பல வோல்ட் பெற்றதாகக் காட்டும் அளவீடுகளில் உராய்வு மின்னூட்டமும் கலந்திருக்கக்கூடும். கிடைக்கும் திறனோ பெரும்பாலும் மைக்ரோவாட் அளவே. கைப்பேசியை அதனால் மின்னேற்றும் கனவு தொலைவில் உள்ளது. உணர்வியாகவே இப்பொருள் வென்றிருக்கிறது. பீங்கானைவிட இந்நெகிழி தரும் மின்னூட்டம் குறைவு. எனினும் அதன் மின்காப்பு மாறிலியும் மிகக் குறைவாதலால், அதே அழுத்தத்திற்கும் தடிமனுக்கும் அது தரும் மின்னழுத்தம் ஏறக்குறைய பத்து மடங்கு. மணிக்கட்டில் ஒட்டினால் நாடித்துடிப்பின் ஏற்ற இறக்கம் திரையில் தெளிவாக எழுகிறது.

புதிய வரைவு 1957இல் தொடங்குகிறது. படித்த என் நெறியாளர் ஓரத்தில், "எலும்பு இங்கே எதற்கு?" என்று பென்சிலால் எழுதியிருக்கிறார்.