குதிகாலை உயர்த்திப் பார்த்தவர்கள்

1912ஆம் ஆண்டு, பாஸ்டன் நகரின் மருத்துவ அறுவை சிகிச்சை இதழில் இளம்பிள்ளை வாதத்துக்கான தசைப்பயிற்சி பற்றி ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர் வில்ஹெல்மின் ரைட். அவர் மருத்துவர் அல்ல. ராபர்ட் லவெட் என்ற எலும்பு மருத்துவரின் உதவியாளர். வாதத்தால் தளர்ந்துபோன குழந்தைகளின் கை கால்களுக்கு நாள் முழுக்கப் பயிற்சி கொடுப்பதுதான் அவருடைய வேலை.

ஒரு தசையில் எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ரைட் இதற்குக் கருவி எதையும் தேடவில்லை. பூமியின் ஈர்ப்பையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். ஈர்ப்பை எதிர்த்துக் காலைத் தூக்க முடிகிறதா? படுக்கையில் பக்கவாட்டில் நகர்த்த மட்டும் முடிகிறதா? சோதிப்பவரின் கை தரும் எதிர்ப்பையும் மீறித் தூக்க முடிகிறதா? இப்படித் தசையின் பலத்தைப் படிநிலைகளாகப் பிரித்தார்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். கல்லூரியில் சேர்ந்த முதல் வருடத்திலேயே பூஜ்யம் முதல் ஐந்து வரையிலான தசை மதிப்பெண்ணை மனப்பாடம் செய்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்த வடிவத்தைப் பரப்பியது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு முந்தைய முறைக்கு லவெட்டின் பெயர் இருந்தது. ரைட்டின் பெயரை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்து வேலைப் பிரிவினையைப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை, அவர் பெரும்பாலும் ஆண். நோயாளியின் உடலைத் தினமும் தொட்டு, பிடித்து, நகர்த்துவது உதவியாளரின் வேலை, அவர் பெரும்பாலும் பெண். 1916இல் அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதம் 27,000 பேருக்கு மேல் தாக்கியது, சுமார் 6,000 பேர் இறந்தார்கள். அடுத்து உலகப் போரில் காயம்பட்ட வீரர்கள் வந்தார்கள். இந்த இரண்டு சுமையையும் தாங்கிய பெண்கள் 1921இல் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கி, மேரி மக்மில்லனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போதும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் அவர்கள் சிகிச்சை செய்யலாம் என்பதே விதி. ஒரு தசை எப்படி இருக்கிறது என்பதைக் கையால் அறிந்தவர்கள் அவர்கள். தீர்ப்புச் சொல்லும் இடம் மட்டும் அவர்களுக்கு இல்லை.

முதுகு நரம்பு வலியின் வரலாறும் இதே பாஸ்டனில் ஒரு திருப்பத்தைச் சந்தித்தது. ரைட் எழுதிய அந்த இதழ் 1928இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் என்று பெயர் மாறியது. அதில்தான் 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால்வரை வலி இறங்குகிறது என்று காட்டினார்கள். கீழ்முதுகின் கடைசி டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் அழுத்தப்படுவது எஸ்1 என்னும் நரம்பு வேர். பிட்டம், தொடையின் பின்புறம், கெண்டைக்கால் வழியாக வலி இறங்கும். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகும். குதிகால் தசைநாணைச் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளுவது குறையும். கெண்டைக்காலின் பலமும் குறையலாம்.

கெண்டைக்காலைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நடக்கும் ஒவ்வொரு அடியிலும் உடலின் முழு எடையை முன்னே தள்ளுகிற தசை அது. அதோடு கை போட்டியிட முடியாது. நோயாளியைப் படுக்க வைத்து, பாதத்தில் கை வைத்து "அழுத்துங்க" என்று சொன்னால், பாதி பலம் போன கால்கூடச் சோதிப்பவரின் கையை வென்றுவிடும். 'பலம் நார்மல்' என்று சீட்டில் எழுதப்படும். படியேறும்போது கால் தடுக்குகிறது, செருப்பு நழுவுகிறது என்று அந்தப் பெண் சொல்வது எதிலும் பதிவாகாது. ஸ்கேன் படத்திலும் பெரிதாக ஒன்றும் இல்லையென்றால், "எல்லாம் மனசுதாம்மா, கவலைப்படாதீங்க" என்று அனுப்பிவிடுவார்கள். இப்படிப் பல இடங்களில் கேட்டுவிட்டு வந்த பெண்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

இந்தச் சிக்கலுக்கான விடையும் ரைட்டின் வழியில்தான் கிடைத்தது: உடலின் எடையையே அளவுகோலாக்குவது. ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மடக்காமல், சமநிலைக்குச் சுவரில் விரல்நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, குதிகாலை முழுதாக உயர்த்தி இறக்க வேண்டும். எத்தனை முறை முடிகிறது என்று எண்ண வேண்டும். லூசில் டேனியல்ஸ், மரியன் வில்லியம்ஸ், கேத்தரின் வொர்திங்ஹாம் என்ற மூன்று பெண்கள் 1946இல் வெளியிட்ட தசைச் சோதனைக் கையேடு தலைமுறை தலைமுறையாகப் பாடநூலாக இருக்கிறது. எத்தனை முறை செய்தால் இயல்பு என்ற கேள்வியை 1995இல் லன்ஸ்ஃபோர்டும் ஜாக்குலின் பெரியும் ஆராய்ந்தார்கள். பெரி முதலில் ராணுவத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தவர். பிறகு மருத்துவம் படித்து, பெண்கள் அரிதாகவே இருந்த எலும்பு அறுவை சிகிச்சைத் துறைக்குள் நுழைந்தவர். ஆரோக்கியமான 203 பேரைச் சோதித்ததில் சராசரி 28 முறைக்குச் சற்றுக் குறைவாக வந்தது. 25 முறையை இயல்பின் அளவாக வைக்கலாம் என்றார்கள்.

இந்த 25ஐ நான் அப்படியே பயன்படுத்துவதில்லை. அந்த 203 பேரில் 122 பேர் ஆண்கள், எல்லோரும் 20 முதல் 59 வயதுக்குள் இருந்தவர்கள், யாருக்கும் வலி இல்லை. பல வருடம் நரம்பு வலியோடு வாழ்கிற, அறுபதைத் தாண்டிய ஒரு பெண்ணை அந்த எண்ணோடு ஒப்பிட்டு 'பலவீனம்' என்று எழுதுவது நியாயமல்ல. அவருக்கு நெருங்கிய அளவுகோல் அவருடைய வலியில்லாத மறு காலே. இடது காலில் 18, வலது காலில் 6 என்றால் அந்த இடைவெளி பேசுகிறது. எண்ணிக்கையோடு, குதிகால் எவ்வளவு உயர்ந்தது, முழங்கால் மடங்கியதா, உடல் முன்னே சாய்ந்ததா என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

எதனால் நிறுத்தினார் என்பதையும் கேட்டு எழுதுகிறேன். தசை ஓய்ந்ததாலா, வலி இறங்கியதாலா, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தாலா? நாள்பட்ட வலியில் இந்த மூன்றும் கலந்தே இருக்கும். வலியால் நிறுத்தியவரின் எண்ணிக்கையை மட்டும் வைத்து நரம்பு சேதமடைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வலி இருப்பதாலேயே பலக்குறைவு பொய் என்றும் சொல்ல முடியாது. நிறுத்திய காரணத்தைச் சொல்லக்கூடியவர் அந்தப் பெண் ஒருவர்தான். அதனால் அவருடைய சொல்லும் சோதனையின் ஒரு பகுதி.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு இந்தச் சோதனையை வில்ஹெல்மின் ரைட்டிலிருந்து தொடங்கித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சோதனைத் தாளில் இரண்டு காலின் எண்ணிக்கைக்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விடச் சொல்கிறேன். நோயாளி சொன்ன காரணத்தை அவருடைய வார்த்தையிலேயே அந்த வரியில் எழுத வேண்டும்.