இணைய விற்பனைப் பிரிவின் லாபச் சோதனை

குறிப்பிட்ட ஒரு பொருட்பிரிவை மட்டும் இணையத்தில் விற்க இறங்குமுன், அதில் காசு நிற்குமா என்று சிறு முதலீட்டில் பார்த்துக்கொள்ளும் முறை இது. கொங்கு வட்டாரத்தில் இதற்கு வாகான பொருள்கள் புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டர், பவானி ஜமக்காளம், ஈரோடு மஞ்சள்.

முதலில் தேடல்: அந்தப் பொருளை மக்கள் தேடுகிறார்களா என்று பார்ப்பது. 2006-இல் வந்த கூகுள் டிரெண்ட்ஸ் காட்டுவது 0 முதல் 100 வரையிலான ஒப்பீட்டு அளவு. தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. போட்டியே இல்லாத பிரிவு கிடைத்ததென்று மகிழ்வதும் அவசரம். பெரும்பாலும் அங்கே வாங்குபவரும் இருப்பதில்லை.

அடுத்தது விளம்பரம். ஒரு சொடுக்குக்கு 5 ரூபாய் என்று வைத்து, 200 பேர் வந்து 4 பேர் வாங்கினால், ஓர் ஆர்டரைப் பிடிக்க 250 ரூபாய். பொருளில் மிஞ்சுவது 200 ரூபாய் என்றால் பிரிவைக் கைவிடலாம்.

கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் கூரியர்தான். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, வழக்கமாக 5,000-ஆல் வகுத்து வரும் கிலோ, உண்மை எடை ஆகிய இரண்டில் பெரியதற்கே கட்டணம். கிரைண்டருக்குக் கல்லின் எடை. ஜமக்காளத்துக்கு மடிப்பின் பருமன். மஞ்சள்தூள் லேசானது, ஆனால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், பாக்கெட்டுக்கு லாபமும் சிறிது, அதே ஆள் மறுபடி வாங்கினால்தான் ஓடும். திரும்பி வரும் பார்சலின் இருவழிச் செலவையும் சேர்க்க வேண்டும்.

கடைசியாக வரி. மின்வணிகத் தளங்கள் செய்யும் ஜிஎஸ்டி முன்பிடித்தம் 2024 ஜூலை 10 முதல் 1 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைந்தது. அது செலவல்ல, விற்பவரின் வரிக்கணக்கில் வரவாகும்.