ஆழ்வான் எழுத்தாணியை நிறுத்திய இடம்

பள்ளியில் படிக்கும்போது எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு நண்பன் இருந்தான். எங்கள் வீடு பொன்மலையில், ரயில்வே குடியிருப்பில். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சனிக்கிழமைகளில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து உத்தர வீதியில் இருந்த அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். அவன் தாத்தா ஃபோனை எடுத்தால் ‘ஹலோ’ சொல்ல மாட்டார். “அடியேன்… யார் பேசறது?” என்பார். எங்கள் அப்பா எடுத்தால் “யாருங்க?” என்று ஓர் அதட்டல்தான் வரும். அதனால் எனக்கு இது ரொம்ப வேடிக்கையாக இருந்தது.

ஒருநாள் கேட்டே விட்டேன். “ஏன் தாத்தா, ‘நான்’னு சொன்னா என்ன?”

“சொல்லலாமே. ஊர் பூரா அதைத்தானே சொல்லிண்டிருக்கு” என்று சிரித்தார். “இந்த ஒரு வார்த்தைக்காக ஆழ்வான் ஆறு மாசம் காத்துண்டிருந்தார். நோக்கு என்னடா அவசரம்?”

ஆழ்வான் யார், ஏன் காத்திருந்தார் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு இன்ஜினியரிங், வேலை, வேறு ஊர். ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, ஆபீஸில் நான் செய்த ஒரு தவறுக்குப் பிறகுதான் அந்தக் கதையைத் தேடிப் படித்தேன்.

*

ஆழ்வான் என்றால் கூரத்தாழ்வான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரம் என்ற ஊர்க்காரர். இயற்பெயர் ஸ்ரீவத்ஸாங்க மிஸ்ரர். பெரும் செல்வந்தர் என்கின்றன வைணவ குருபரம்பரை நூல்கள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மனைவி ஆண்டாளுடன் ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே வந்தாராம். வழியில் காடு. “பயமாக இருக்கிறதே” என்றாராம் ஆண்டாள். “மடியில் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டாராம் ஆழ்வான். கணவர் தண்ணீர் குடிப்பதற்காக ஒரு பொன் வட்டிலை மட்டும் அந்த அம்மாள் எடுத்து வந்திருந்தார். அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு, “இனி பயமில்லை, வா” என்றாராம். ஸ்ரீரங்கத்தில் அவர் வாழ்ந்தது பிட்சை எடுத்து.

அவர் தேடி வந்தது ராமானுஜரை. மரபு ராமானுஜரின் காலத்தை 1017 முதல் 1137 வரை என்று சொல்கிறது. அந்த 120 ஆண்டுக் கணக்கை ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்பதில்லை. அவருடைய வாழ்க்கையை விரிவாகச் சொல்லும் ஆறாயிரப்படி குருபரம்பரை, அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியது. ‘படி’ என்பது 32 எழுத்துகள் கொண்ட ஓர் அளவு. அந்தக் காலத்து வேர்ட் கவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே இங்கே நான் சொல்லப்போவதை நீதிமன்ற ஆவணம் போலப் படிக்க வேண்டாம். ஒரு சமூகம் தன் ஆசிரியர்களை எப்படி நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது என்பதற்கான ஆவணமாகப் படிக்கலாம். அந்த விருப்பமும் வரலாறுதான்.

ராமானுஜர் முதல்முறை ஸ்ரீரங்கம் வந்தபோது அவர் பார்க்க வந்த ஆளவந்தார் இறந்துவிட்டிருந்தார். அந்த உடலில் மூன்று விரல்கள் மடிந்திருந்தன. நிறைவேறாத மூன்று ஆசைகளின் அடையாளம் அது என்று புரிந்துகொண்ட ராமானுஜர் மூன்று சபதங்கள் செய்தார். பிரம்ம சூத்திரத்துக்கு விசிஷ்டாத்வைத நோக்கில் ஓர் உரை எழுதுவது அவற்றில் ஒன்று. அதுதான் பின்னால் ஸ்ரீபாஷ்யம் ஆனது.

அதற்கு ஆதாரமாக வேண்டியிருந்தது போதாயனரின் பழைய விருத்தியுரை. அதன் பிரதி காஷ்மீரத்தில் இருந்தது. ராமானுஜரும் ஆழ்வானும் அங்கே போனார்கள். பிரதி கைக்கு வந்தது. ஆனால் அங்கிருந்த பண்டிதர்கள் பின்தொடர்ந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். ராமானுஜர் மனமுடைந்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் ஆழ்வான் மெதுவாகச் சொன்னார்: இரவுகளில் நீங்கள் உறங்கும்போது படித்துவிட்டேன், மனப்பாடமாக இருக்கிறது.

ஸ்ரீரங்கம் திரும்பியதும் வேலை தொடங்கியது. ராமானுஜர் சொல்லச் சொல்ல ஆழ்வான் ஓலையில் எழுத வேண்டும். தொடங்கும் முன் ராமானுஜர் ஒரு நிபந்தனை வைத்தார். நான் சொல்வதில் உமக்கு உடன்பாடில்லாத இடம் வந்தால் வாதம் செய்ய வேண்டாம். எழுதுவதை நிறுத்திவிடும். நான் புரிந்துகொள்கிறேன்.

ஓர் இடத்தில் எழுத்தாணி நின்றது.

*

உயிர் என்றால் என்ன என்று வரையறுக்கும் இடம் அது. உயிரின் இலக்கணம் அறிவு, அதாவது அது ‘அறிபவன்’ என்று ராமானுஜர் சொல்லியிருக்கிறார். ஆழ்வான் எழுதவில்லை. எழுதும் என்றார் ராமானுஜர். கை அசையவில்லை. ராமானுஜருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் நீரே பாஷ்யம் எழுதிக்கொள்ளும் என்று எழுந்துவிட்டார். காலால் உதைத்தார் என்றும் ஒரு வழக்கு உண்டு. பக்திக் கதைகள் பொதுவாகத் தங்கள் நாயகரை இப்படிக் காட்டுவதில்லை. இதை மறைக்காமல் சொல்லிவந்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆழ்வானின் தடை இதுதான்: அறிவு உயிருக்கு உண்டு, சரி. ஆனால் அதை மட்டும் சொன்னால் உயிர் தனக்குத்தானே சொந்தமானது போல ஆகிவிடும். அது கடவுளுக்கு உரியது, கடவுளின் பொருட்டு இருப்பது. வைணவத்தில் இதைச் சேஷத்வம் என்பார்கள். அதைச் சொல்லாத வரையறை முழுமையாகாது.

அன்று மற்ற சீடர்கள் ஆழ்வானிடம் போய், ‘இப்படிச் செய்துவிட்டாரே, என்ன நினைக்கிறீர்?’ என்று கேட்டார்களாம். பொருளுக்கு உடையவர் அவர், தம் பொருளை அவர் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம், அதில் நான் சொல்ல என்ன இருக்கிறது என்றாராம். ஆனால் எழுத்தாணியை மட்டும் அவர் திரும்ப எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ராமானுஜர் யோசித்துப் பார்த்து, தவறு தன்னுடையது என்று உணர்ந்து ஆழ்வானிடம் வந்தார். உரை தொடர்ந்தது.

தாத்தா சொன்ன ஆறு மாதம் இதே கேள்வியைப் பற்றிய இன்னொரு கதையில் வருகிறது. திருவாய்மொழிக்கு 13ஆம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்தில் நம்பிள்ளை சொல்ல, வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈட்டு உரையில் அது இருக்கிறது. உயிரின் இயல்பு அறிவா, உரியதாயிருத்தலா என்ற ஐயத்தைத் தீர்க்க ராமானுஜர் ஆழ்வானைத் திருக்கோட்டியூர் நம்பியிடம் அனுப்புகிறார். ராமானுஜரே பதினெட்டு முறை நடந்துபோய் மந்திரப் பொருள் கேட்ட அதே நம்பி. சுமார் 100 கிலோமீட்டர் தூரம். ஆழ்வான் அங்கே ஆறு மாதம் பணிவிடை செய்து காத்திருக்கிறார். கடைசியில் நம்பி விளக்கவுரை ஒன்றும் நிகழ்த்தவில்லை. நம்மாழ்வார் ஓரிடத்தில் உயிரைக் குறிக்க ‘அடியேன்’ என்ற சொல்லையே பயன்படுத்தியிருக்கிறார் என்று சுட்டிக்காட்டுகிறார். அவ்வளவுதான்.

உத்தர வீதியில் ஃபோனை எடுத்த தாத்தா சொன்னது இந்தத் தத்துவ முடிவைத்தான். ‘நான்’ என்று சொல்லியிருந்தால் அது வெறும் அறிபவன். ‘அடியேன்’ என்றால் தான் யாருக்கோ உரியவன் என்று அறிந்த அறிபவன்.

*

இப்போது என் தவறு. நான் ஒரு டீமுக்கு லீட். நான் எழுதிய ஒரு கோடை ரிவ்யூ செய்த, இரண்டு வருட அனுபவம் மட்டுமே உள்ள ஒரு பெண், ஒரு வரிக்குக் கீழே கமென்ட் போட்டிருந்தார்: நெட்வொர்க் அறுந்து இந்த ரெக்வெஸ்ட் இரண்டாவது தடவை போனால் பணமும் இரண்டு தடவை எடுக்கப்படாதா? நான் பத்து வினாடிகூட யோசிக்கவில்லை. “அதெல்லாம் ஏற்கெனவே பார்த்தாச்சு” என்று பதில் போட்டேன். அவர் அப்ரூவ் செய்துவிட்டார். நான் மெர்ஜ் செய்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி சில வாடிக்கையாளர்களின் கணக்கில் இரண்டு முறை பணம் போனது.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், கோடைச் சரிசெய்தோம். அதன்பின் நடந்த மீட்டிங்கில் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய கமென்ட்டை நான் எல்லோருக்கும் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. இதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் பிரச்சினை. பத்து வருட அனுபவம், அந்த சிஸ்டத்தின் மூலைமுடுக்கெல்லாம் தெரியும். அறிவு குறைவாக இருந்திருந்தால் அந்தக் கமென்ட்டை இரண்டு தடவை படித்திருப்பேன். குறளின் முதல் அதிகாரமே, கடவுளை வணங்காவிட்டால் கற்றதால் என்ன பயன் என்று கேட்கிறது. விவிலியத்தின் நீதிமொழிகள் நூல் கடவுள் மீதான அச்சத்தில் ஞானத்தைத் தொடங்கிவைக்கிறது. காலேஜில் இதையெல்லாம் படித்தபோது, கேள்வி கேட்காதே என்று சொல்வதற்கான சுற்றுவழி என்றுதான் நினைத்தேன். ஆழ்வானின் கதை அந்த எண்ணத்தைக் கலைத்தது.

ஏனென்றால் அந்தக் கதையில் பணிவுள்ளவன்தான் மறுக்கிறான். ஆழ்வானுக்கு ராமானுஜர்மேல் இருந்த பக்தியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சோழ அரசனின் சபைக்கு அழைப்பு வந்தபோது ராமானுஜருக்குப் பதிலாக அவருடைய காவியைத் தான் உடுத்திக்கொண்டு போய், கண்களை இழந்து திரும்பியவர். பிறகு அரங்கன் கோயில் வாசலில், ராமானுஜரைச் சேர்ந்தவர்களை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. ஆழ்வான் மட்டும் நல்லவர், அவர் போகலாம் என்றார்களாம் காவலர்கள். என் ஆசாரியரிடமிருந்து என்னைப் பிரிக்கிற நல்ல குணம் எனக்கு எதற்கு என்று திரும்பி நடந்துவிட்டார். அரங்கனையே அவருக்காக விட்டவர், ஓலையில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அது எப்படி முடிந்தது? அந்த அறையில் ராமானுஜருக்கும் மேலே ஒன்று இருந்தது. இருவருமே ‘அடியேன்’தான். கடைசிச் சொல் இருவருடையதும் இல்லை. அதனால் சீடன் குருவை நிறுத்தலாம், அவமதிப்பு ஆகாது. குரு தன் வாக்கியத்தைத் திருத்தலாம், தோல்வி ஆகாது. எங்கள் டீமில் எனக்கு மேலே எதுவும் இருக்கவில்லை. மேனேஜர் இருந்தார், அதைச் சொல்லவில்லை. ‘நான் தவறாக இருக்கலாம்’ என்ற இடம் காலியாக இல்லை. அதில் நானே உட்கார்ந்திருந்தேன்.

*

இங்கே நிறுத்தினால் கதை பாதிதான். ‘அடியேன்’ என்ற சொல்லை இந்த ஊர் எல்லோர்மேலும் ஒரே மாதிரி வைக்கவில்லை.

திருப்பாணாழ்வார் உறையூர்க்காரர். இன்றைய திருச்சிக்குள் இருக்கும் அதே உறையூர். பாணர் குலத்தவர் என்பதால் ஸ்ரீரங்கத்துத் தீவில் கால்வைக்க முடியாமல் காவிரியின் தென்கரையில் நின்று யாழிசைத்துப் பாடுவார். ஒருநாள் பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொன்னார். பாட்டில் மூழ்கியிருந்தவருக்குக் காதில் விழவில்லை. முனிவர் கல்லெறிந்தார். ரத்தம் வந்தது. முனிவரும் படித்தவர்தான், பக்தர்தான். கடைசியில், அந்தப் பாணரைத் தோளில் சுமந்து வா என்று அரங்கன் ஆணையிட, கல்லெறிந்தவர் சுமந்துபோனார். முனிவாகனர் என்ற பெயர் அதனால் வந்தது.

ஒருவர் தானே விரும்பி ஏற்கும் பணிவும், இன்னொருவர்மேல் பிறப்பால் சுமத்தப்படும் பணிவும் ஒன்றல்ல. பாணருக்குப் பணிவைக் கற்பிக்க யாரும் தேவைப்படவில்லை. கற்க வேண்டியிருந்தவர் முனிவர். மேலே இருப்பவன் குனிகிறானா என்று பார்த்துத்தான் ஒரு பணிவு ஞானத்துக்குப் போகிறதா, அடக்குமுறைக்குப் போகிறதா என்று சொல்ல முடியும். ஆழ்வான் கதையிலும் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஆழ்வானின் மௌனம்கூட இல்லை. திரும்பி வந்த ராமானுஜர். நிபந்தனையை முன்கூட்டியே வைத்தவரும் அவர்தான். தனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே வைத்திருப்பாரோ என்றுகூடத் தோன்றுகிறது.

*

போன மாதம் அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தபோது ஸ்ரீரங்கம் போனேன். நண்பனின் குடும்பம் எப்போதோ அந்த வீட்டை விற்றுவிட்டது. தாத்தா இல்லை. கோயிலுக்குள் உடையவர் சன்னதியில் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே உட்கார்ந்திருப்பது சிலை அல்ல, ராமானுஜரின் திருமேனியே என்பது மரபின் நம்பிக்கை. நான் பெரிய பக்தன் கிடையாது. கைகூப்பும்போது யாரிடம் கூப்புகிறேன் என்று இன்னும் தெளிவில்லை. இருந்தாலும் அன்று கூப்பியது நிஜம்.

வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். அன்றைக்கு உங்கள் கேள்விதான் சரி, மீட்டிங்கில் நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது பதில் வந்தது. “அது அன்னிக்கே தெரியும். நீங்க கேக்கற மாதிரி இல்ல, அதான் அப்ரூவ் பண்ணிட்டேன்.”

இப்போது எங்கள் டீமில் ஒரு விதி இருக்கிறது. யார் கேள்வி கேட்டாலும், கேட்டவர் “சரி” என்று சொல்லும்வரை யாரும் மெர்ஜ் செய்ய முடியாது. லீடும்தான். போன வாரம் என்னுடைய ஒரு மாற்றம் இரண்டு நாள் அப்படி நின்றது. முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது.