குடமும் பெட்டியும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் இருக்கும் முதலாம் பராந்தகனின் இரண்டு சாசனங்களை (கி.பி. 919, 921) நாம் தேர்தல் வரலாறாகவே படித்துப் பழகிவிட்டோம். பாடநூலும் அப்படித்தான் சொல்கிறது. விழா மேடையும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அங்கே குடத்திலிருந்து எடுத்த ஓலைகளில் ஆறு ஓலைகள், ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு உரியவை. அந்த ஆறு பேர் கையில்தான் ஊரின் மிகப் பெரிய கட்டுமானம் இருந்தது. கரை, மதகு, கலங்கல், தூர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இன்று உத்திரமேரூர் இருக்கும் மாவட்டத்தில் ஓர் ஏரிக்கரையைப் பலப்படுத்த வேண்டுமானால் நீர்வளத் துறை ஒப்பந்தப்புள்ளி கோருகிறது. சாசனத்தையும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஆயிரத்து நூறு ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டும் ஒரே கவலையில் பிறந்தவை என்று தெரிகிறது. ஊர்ப்பணத்தையும் ஊர் உழைப்பையும் கொட்டிச் செய்யும் வேலை கெட்டுப்போகாமல் இருக்க, அதை யாரிடம் ஒப்படைப்பது?

கைகளிலிருந்து தொடங்கலாம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடும்பு (ஊர்ப்பிரிவு) வாரியாகக் கட்டி, வாயோலை (முகப்பு ஓலை) பூட்டி, குடத்தில் இடுகிறார்கள். சபை முழுவதும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே இருப்பதன் பொருள் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அதை வேறொரு குடத்தில் குலைத்துப் போட்டு, அதிலிருந்து ஓர் ஓலையை எடுக்கிறான். அதை வாங்கும் மத்தியஸ்தன் (ஊர் நடுவன்) ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே! அவன் வாசித்த பிறகு, அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும்.

ஒப்பந்தப்புள்ளிப் பெட்டி திறக்கும் அறைக்கு வருவோம். நேரம் முன்பே அறிவிக்கப்பட்டது. விலைப்புள்ளி கொடுத்தவர்களோ அவர்களுடைய ஆட்களோ எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். உறையைப் பிரிக்கும் அதிகாரி தொகையை உரக்கப் படிக்கிறார். அடித்தல், திருத்தல், மேலெழுதல் ஒவ்வொன்றையும் மையால் வட்டமிட்டுச் சுருக்கொப்பம் இடுகிறார். ஒரு பக்கத்தில் எத்தனை திருத்தம் என்று எண்ணி அந்தப் பக்கத்திலேயே எழுதுகிறார். பின்னால் யாரும் ஒரு சுழியத்தைக் கூட்டவோ குறைக்கவோ இடமில்லாமல் போகிறது. இப்போது பெரும்பாலும் இணையவழியில் நடப்பதால் மின்கையொப்பமும் நேர முத்திரையும் அந்த வட்டத்தின் வேலையைச் செய்கின்றன. விரிந்த விரலும் மை வட்டமும் காக்க வந்தது ஒன்றைத்தான். எனக்கு இந்த ஒற்றுமை ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது. வஞ்சகம் எந்த இடத்தில் நுழையும் என்று பார்த்தவர்களே இரண்டையும் எழுதியிருக்கிறார்கள்.

இதைவிட வியப்பான உறவு ஒன்று உண்டு. அது உண்மையிலேயே உறவுமுறை பற்றியது. முன்பு ஏதேனும் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது என்கிறது சாசனம். அத்தோடு விடவில்லை. அவனுடைய சிற்றவை, பேரவை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவன், தந்தையுடன் பிறந்தவன், தன்னுடன் பிறந்தவன், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் மக்கள், மருமகன், தகப்பன், மகன் என ஒருவரையும் விடாமல் எண்ணி விலக்குகிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்த நிபந்தனைகளிலும் இதே போன்ற ஒரு பட்டியல் இருக்கிறது. நெருங்கிய உறவினர் ஒருவர் கோட்டக் கணக்கராகவோ, கண்காணிப்புப் பொறியாளர் முதல் இளநிலைப் பொறியாளர் வரையிலான பதவியிலோ இருக்கும் வட்டத்தில் ஒப்பந்ததாரர் விலைப்புள்ளி கொடுக்கக் கூடாது. நெருங்கிய உறவினர் யார்? கணவன், மனைவி, பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தார், மாமன், அத்தை, சித்தப்பா, அவர்கள் மக்கள், இத்தனைக்கும் ஈடான சம்பந்தி வழி உறவுகள். பராந்தகன் காலத்துச் சபையார் இதைப் படித்தால் எந்த விளக்கமும் கேட்கமாட்டார்கள்.

பட்டியல் ஒன்றுபோல இருந்தாலும் பார்வை எதிரெதிர்த் திசையில் போகிறது. சாசனம் நேற்றைப் பார்க்கிறது. தவறியவனின் சுற்றம் முழுவதும் வாய்ப்பை இழப்பதால், கணக்கைக் காட்டு என்று அவனை நெருக்கும் முதல் ஆட்கள் அவன் வீட்டாராகவே இருப்பார்கள். ஒப்பந்த நிபந்தனை இன்றைப் பார்க்கிறது. நாற்காலியில் இப்போது இருப்பவருக்கும் விலைப்புள்ளி கொடுப்பவருக்கும் இடையிலுள்ள வழியை மட்டும் அடைக்கிறது. தவறியவரின் மைத்துனருக்குத் தண்டனை தருவதில்லை. நம் காலத்து நீதியுணர்வுக்கு இரண்டாவதே உகந்தது. முதலாவதன் பிடி வலுவானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தடையின் நீளத்திலும் இதே வேறுபாடு தெரிகிறது. பாதகம் செய்து பிராயச்சித்தமும் செய்து சுத்தமானவர்கள்கூட வாழ்நாள் முழுவதும் குடத்துக்கு வரக் கூடாது என்றது சபை. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளோ ஊழல் வழக்கில் தண்டனை பெற்றவருக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டும், நேர்மை விதிகளை மீறியவருக்கு இரண்டு ஆண்டும் தடை விதிக்கின்றன. கருப்புப் பட்டியல் நிரந்தரமாக இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது.

அடுத்து, பிணை. குடத்தில் பெயர் விழ, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி கூடுதலாக உள்ளவனுக்கு அரைக்கால் வேலி போதும். ஒப்பந்ததாரருக்கு முன்வைப்புத் தொகை வேண்டும். வேலை கிடைத்தால் செயல்பாட்டுப் பிணையாக ஒப்பந்த மதிப்பில் ஒரு பங்கு வங்கி உத்தரவாதமாக வேண்டும். தவறினால் இழக்க ஏதோ ஒன்று கையில் இருக்கிறவனே வரலாம் என்பது இரண்டுக்கும் பொது. ஆனால் வங்கி உத்தரவாதம் ஏரியிலிருந்து எத்தனை கல் தொலைவிலும் இருக்கலாம். கால் வேலி நிலமோ அந்த ஊரில் இருக்கிறது. கரை உடைந்தால் வாரியத்தானின் வயலும் மூழ்கும், மதகு அடைத்தால் அவன் நாற்றும் காயும். இடர் எங்கே விழுமோ அங்கேயே பொறுப்பையும் கட்டிவைத்தது சபை. இதற்கு நிகரான ஒன்றை டெண்டர் ஆவணத்தில் தேடிப் பார்த்தேன். குறைகளைச் சரிசெய்யும் பொறுப்புக் காலம் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. அதுவும் சில ஆண்டுகளில் முடிந்துவிடும்.

இந்த இடத்தில் சாசனத்தின் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரான பிரமதேயத்தின் சபை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களுக்கும், உழுதவர்களுக்கும், பெண்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. பெட்டியின் முன் சாதி கேட்கப்படுவதில்லை. விதிகள் எல்லோருக்கும் அச்சில் இருக்கின்றன. தோற்றவர் மேல்முறையீடு செய்யலாம். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொடுத்த உரிமை அது. குடத்தைக் கொண்டாடுபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறையில்தான் இரண்டும் அடியோடு பிரிகின்றன. பெட்டி போட்டியை நம்புகிறது. தகுதி உள்ளவர்களில் குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை. குடம் போட்டியையே ஒழிக்கிறது. தகுதி உள்ளவர்களில் யார் கையில் விழுந்தாலும் சரி. குறைந்த விலையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பத்துப் பேர் ஒரே வேலையை மதிப்பிடும்போது ஜெயிப்பவர் திறமைசாலியாக இருக்கலாம். செலவை மிகக் குறைவாகத் தப்புக்கணக்குப் போட்டவராகவும் இருக்கலாம். ஆய்வாளர் பென்ட் ஃபிளைவ்பெர்க்கும் அவர் தோழர்களும் 2002இல் 20 நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் செலவு குறைத்தே மதிப்பிடப்பட்டிருந்தது. தற்செயல் பிழை என்றால் கூடுதலும் குறைவும் கலந்து வந்திருக்கும். குறைத்துச் சொன்னால்தான் திட்டம் ஒப்புதல் பெறும் என்ற நிலையே காரணம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். குடத்தின் முன் இப்படிக் குறைத்துச் சொல்ல யாருக்கும் தேவை இல்லை. மார்தட்டிப் பயனில்லை, பொய் மதிப்பீட்டுக்கும் பயனில்லை. ஆனால் வேலையின் விலை என்ன என்பதைக் குடம் சொல்லாது. அதைப் பெட்டிதான் சொல்லும். மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில், தரம் முதன்மையான சில பணிகளுக்கு விலையைத் தவிர்த்த பிற தகுதிகளுக்கு 30 விழுக்காடு வரை மதிப்பெண் தரலாம் என்று அனுமதித்தது. பெட்டிக்குள் குடத்தின் தகுதிப் பட்டியல் கொஞ்சம் நுழைந்தது என்று இதைச் சொல்லலாம்.

சுழற்சியிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒருமுறை வாரியம் செய்தவன் அடுத்த மூன்றாண்டு வர முடியாது. பதவிக்காலம் 360 நாள். நம் துறைகளிலும் முக்கியமான இடங்களில் உள்ளவர்களை மூன்றாண்டுக்குள் மாற்றச் சொல்கிறது மத்திய கண்காணிப்பு ஆணையத்தின் அறிவுறுத்தல். நீண்ட நாள் இருந்தால் வேர் பிடித்துவிடும் என்ற பயம் இரண்டுக்கும் உண்டு. ஆனால் மாற்றத்தால் ஓர் இழப்பு நேர்கிறது. எந்த மதகு எந்த மழையில் எப்படி நடந்துகொள்ளும் என்ற நினைவு, மாற்றலாகிப் போகும் உதவிப் பொறியாளரோடு போய்விடுகிறது. சபை இதற்கு வழி செய்திருந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு, கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களோடு, முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து பழகியவர்களையும் எடுத்தது. ஆட்கள் மாறினார்கள், நினைவு மேல்படிக்கு ஏறியது. சாசனத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுவே. விதியைத் திருத்த அவர்கள் தயங்கவும் இல்லை. முதல் சாசனத்தில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, இரண்டே ஆண்டில் 35 முதல் 70 என்று மாறியது.

இவ்வளவு பேசும் இரண்டு ஆவணங்களும் மழையைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. சாசனத்தில் வெள்ளம் இல்லை, உடைப்பு இல்லை. ஒப்பந்தத்தில் இயற்கைச் சீற்றம் ஒரு விதிவிலக்குப் பத்தியாக வந்து போகிறது. பெரிய கட்டுமானத்தின் முதல் இடர் மனிதன் என்றே இரண்டும் கருதின. ஆனால் ஒரு வேறுபாடு பாருங்கள். மழையைப் பார்த்துக்கொள்ள ஆறு பேரைச் சாசனம் ஆண்டுதோறும் அமர்த்தியது. தொண்டை மண்டலத்துக் கல்வெட்டுகளில் தூர் வாருவதற்கென்றே நிலமும் பொன்னும் வைத்த செய்திகள் வருகின்றன. ஒப்பந்தம் வேலையை ஒப்படைத்ததும் எழுந்து போய்விடுகிறது.

அதன் விலையை 2015 சென்னை வெள்ளத்தில் பார்த்தோம். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அந்த டிசம்பர் 1ஆம் தேதி விநாடிக்கு 29,000 கன அடி அளவுக்கு அங்கிருந்து அடையாற்றில் நீர் திறந்துவிடப்பட்டது. இது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை கூறியது. வரலாறு காணாத மழை, முறைப்படியே திறந்தோம் என்பது அரசுத் தரப்பு. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது இந்த ஒப்பாய்வின் வேலையில்லை. கவனிக்க வேண்டியது வேறு. அங்கே மதகைக் கட்டியதில் குறை என்று யாரும் சொல்லவில்லை. எப்போது, எவ்வளவு திறப்பது, யாருக்கு முன்கூட்டிச் சொல்வது என்பதே கேள்வி. எந்த டெண்டரும் தொடாத இடம் அது. கணக்கும் தாமதமாகவே வந்தது. உத்திரமேரூரில் பதவிக்காலமே 360 நாள்தான், கணக்குக் காட்டாதவனுக்குக் குடத்தில் மறுபடி இடமும் இல்லை. 2015 டிசம்பருக்கான தணிக்கை அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2018 ஜூலையில்.

குடமும் பெட்டியும் சந்தித்துக்கொண்ட ஓர் இடமும் உத்திரமேரூர் இருக்கும் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2017 மார்ச்சில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி குடிமராமத்துத் திட்டத்தை மணிமங்கலம் ஏரியில் தொடங்கிவைத்தார். முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். டெண்டர் இல்லாமல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கத்திடம் வேலை, அவர்கள் பங்காகப் பத்து விழுக்காடு. நிலம் உள்ளவனிடமே பொறுப்பு என்ற பழைய விதியின் சாயல் அதில் தெரிந்தது. ஆனால் ஓலையும் இல்லை, உறையும் இல்லை. கணக்குக் காட்டாதவன் சுற்றத்தை விலக்கும் விதியும் இல்லை, மை வட்டமும் இல்லை. சங்கத்தின் பெயரில் வேறு யாரோ வேலை எடுக்கிறார்கள் என்ற புகார் பல ஊர்களில் எழுந்ததற்கு இந்த வெற்றிடமே வழிவிட்டது என்பது என் கணிப்பு.

உங்கள் ஊர் ஏரிக்கரையில் அடுத்த முறை பணி விவரப் பலகை நட்டால், மதிப்பீட்டுத் தொகையையும் ஒப்பந்ததாரர் பெயரையும் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பணி முடிந்த மறுநாள் முதல் அந்தக் கரைக்கும் மதகுக்கும் யார் பொறுப்பு, எத்தனை ஆண்டுக்கு, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறது என்று செயற்பொறியாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும்.